டூரிங் கார் பந்தயத்தில் செலவும் வகுப்பு விதிகளும்: கேள்வி பதில்

தொலைக் கட்டுப்பாட்டில் ஓடும், பத்தில் ஒரு பங்கு அளவிலான மின்சார ஆர்.சி. டூரிங் கார் பந்தயத்தைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், செலவையும் விதிகளையும் பற்றியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இந்தப் பந்தயத்தில் பணம் உண்மையில் எங்கே போகிறது? காரின் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறதே.

எக்ஸ்ரே, யோகோமோ, ஆசமாடிக்ஸ் போன்ற நிறுவனங்களின் உயர்தர சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) கிட் ஒன்று பல நூறு டாலருக்கு விற்கிறது. அதில் மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுக் கருவியான இ.எஸ்.சி., சக்கரத்தைத் திருப்பும் சர்வோ, பேட்டரி எதுவும் இருக்காது. கேட்கும்போது பெரிய தொகைதான். ஆனால் அது ஒருமுறை கொடுப்பது. கவனமாக வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று பருவங்களுக்கு வரும். பையைத் தொடர்ந்து காலி செய்பவை டயர், மேலுறையான பாடி, பேட்டரி, மோட்டார் ஆகியவைதான், அவற்றிலும் முதலிடம் டயருக்கு. ரப்பர் டயரின் பிடிப்பு முதல் சில ஓட்டங்களில் உச்சத்தில் இருந்து, பிறகு மெல்லக் குறையும். ஒரு பந்தயத்துக்கு இத்தனை செட் என்று விதி சொல்லாவிட்டால், வசதியுள்ளவர் ஒவ்வொரு தகுதிச் சுற்றுக்கும் புது செட் போடுவார்; மற்றவர்களும் வேறு வழியின்றிப் பின்தொடர்வார்கள். அதனால்தான் யூரோ டூரிங் சீரீஸ் போன்ற பெரிய தொடர்கள் எல்லோருக்கும் ஒரே வகை டயரை நிர்ணயிக்கின்றன. செலவைக் குறைக்க ஒரே ஒரு விதிதான் எழுதலாம் என்று ஒரு மன்றம் என்னிடம் கேட்டால், டயரின் வகையையும் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தும் விதியைத்தான் எழுதச் சொல்வேன்.

கேள்வி: 13.5, 17.5, 21.5 என்று வகுப்புகளுக்கு எண்களைச் சொல்கிறார்கள். அவை எதைக் குறிக்கின்றன?

மோட்டாருக்குள் சுற்றப்பட்டிருக்கும் கம்பியின் சுற்றுகளை, அதாவது டர்ன்களை. சுற்று கூடினால் அதே மின்னழுத்தத்தில் வேகம் குறையும். அமெரிக்காவின் விண்டேஜ் டிரான்ஸ்-ஆம் வகுப்பில் 25.5, யு.எஸ்.ஜி.டி. வகுப்பில் 21.5, மோட்டாரின் சக்திக்கு வரம்பு வைக்கும் ஸ்டாக் வகுப்பில் பல நாடுகளில் 17.5, அதற்கு மேல் 13.5 என்று படிகள் ஏறுகின்றன. மாடிஃபைடு வகுப்பில் கட்டுப்பாடு இல்லை. நான்கு, ஐந்து டர்ன் மோட்டார்கள் ஓடும்.

கேள்வி: ஸ்டாக் வகுப்பு புதியவர்களுக்கானது, மலிவானது என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். இப்போது மாடிஃபைடை விட ஸ்டாக்கில்தான் அதிகம் செலவாகிறது என்கிறார்கள். எது உண்மை?

இரண்டிலும் உண்மை இருக்கிறது. மாடிஃபைடில் தேவைக்கு மிஞ்சிய சக்தி இருப்பதால், நேர்கோட்டில் கொஞ்சம் பின்தங்கிய மோட்டாரை ஓட்டுநரின் விரல் ஈடுகட்டிவிடும். அதே சக்தி டயரை விரைவில் தின்றுவிடும், சுவரில் மோதினால் காரையும் உடைக்கும். ஸ்டாக்கில் எல்லோருக்கும் சக்தி குறைவு. அங்கே ஒவ்வொரு கிராமும், பேரிங்கில் ஏற்படும் ஒவ்வொரு உராய்வும் சுற்று நேரத்தில் தெரியும். அதனால் செராமிக் பேரிங், மெல்லிய பாடி, புதிதாக வந்த மோட்டார் என்று பணம் தேடிப்போகும் இடமாக ஸ்டாக் மாறிவிடுகிறது.

இது இன்று தொடங்கிய சிக்கல் அன்று. பிரஷ்கள் உரசி மின்சாரம் கடத்திய பிரஷ் மோட்டார் காலத்தில் அமெரிக்க ஸ்டாக் வகுப்பில் 27 டர்னும், மாற்ற முடியாத 24 டிகிரி டைமிங்கும் (சுருளுக்கு மின்சாரம் மாறும் தருணத்தை முன்தள்ளும் அளவு) விதியாக இருந்தன. காகிதத்தில் எல்லோரும் சமம். ஆனால் பிரஷ்கள் உரசும் உருளையான கம்யூட்டேட்டரைக் கடைசலில் சீவுவதற்கு ஒரு சிறு இயந்திரம், விதவிதமான பிரஷ்கள், ஸ்பிரிங்குகள், பொறுக்கி இணைத்த ஆறு செல் பேட்டரிகள் என்று ஒரு பட்டறையே தேவைப்பட்டது. பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் அந்தப் பட்டறையை ஒழித்தன. அது உண்மையான முன்னேற்றம் என்றே நான் கருதுகிறேன். பிறகு இ.எஸ்.சி.யின் மென்பொருள், ஓட்டத்தின்போதே டைமிங்கை உயர்த்தக் கற்றுக்கொண்டது. 17.5 மோட்டார் தன் வகுப்புக்குரிய வேகத்தை வெகுதூரம் தாண்டியது; மென்பொருளின் புதிய பதிப்பு வந்தவுடன் பழைய இ.எஸ்.சி. பெட்டிக்குள் போனது. அதற்கு மாற்றாக வந்ததுதான் பிளிங்கி விதி: டைமிங்கைப் பூஜ்ஜியத்தில் வைத்தால் இ.எஸ்.சி.யின் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். விதிகளின் வரலாற்றிலேயே நான் மிகவும் மதிக்கும் விதி இது.

அதன் பிறகும் தேடல் நிற்கவில்லை. மோட்டாரின் பின்மூடியில் உள்ள டைமிங்குக்கும் கியர் விகிதத்துக்கும் நகர்ந்தது. ஸ்பர் என்ற பெரிய பல்சக்கரத்தில் 96 பல், மோட்டாரில் உள்ள பினியனில் 48 பல் என்றால் விகிதம் 2. காரின் உள் விகிதமான 1.9 ஆல் பெருக்கினால் 3.8 வரும். பிளிங்கி 17.5 காருக்கு இது சாதாரணமான விகிதம். மாடிஃபைடு கார் ஏறத்தாழ இதன் இரு மடங்கில் ஓடும். இதற்கும் கீழே இறக்கினால் மோட்டார் சூடேறி, காந்தம் வலுவிழந்து, அடுத்த மோட்டாருக்குப் பணம் எடுத்து வைக்க வேண்டியதுதான். ஏற்பாட்டாளரே மோட்டாரைக் கையில் கொடுத்து, கியர் விகிதத்துக்கும் ஓர் எல்லை வகுக்கும் பந்தயங்களில் இந்தத் துரத்தல் பெருமளவு அடங்கிவிடுகிறது.

கேள்வி: கார்களின் அமைப்பு ஆண்டுக்காண்டு சிக்கலாகிக்கொண்டே போகிறது. சேஸிஸ் விதிகளை இறுக்கினால் என்ன?

நான் அதை ஆதரிப்பதில்லை. இன்றைய விதிகள் 190 மில்லிமீட்டர் அகலம், குறைந்தபட்ச எடை, அனுமதிக்கப்பட்ட பாடிகளின் பட்டியல் என்று வெளி எல்லைகளை மட்டும் வரைந்துவிட்டு, உள்ளே வடிவமைப்பாளருக்குச் சுதந்திரம் தருகின்றன. அந்தச் சுதந்திரத்தில்தான், இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவும் டிஃப்பில், சிறு உருண்டைகள் கொண்ட பால் டிஃப் போய் சிலிகான் எண்ணெய் நிரப்பிய கியர் டிஃப் வந்தது. பால் டிஃப்பைப் பிரித்து, துடைத்து, மீண்டும் கோத்துக்கொண்டிருந்த மாலைகளை நினைத்தால், இந்தச் 'சிக்கல்' வேலையைக் குறைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். முன் சக்கரத் திருப்பத்தில் ஏற்படும் அதிர்வைப் போக்கிய இரட்டை மூட்டுத் தண்டும் அப்படித்தான்.

மேலும், புதுமையான கார் வைத்திருப்பவர்தான் வெல்வார் என்பதும் சரியன்று. ஆர்.சி. கார் பந்தயத்தின் உலக அமைப்பான இஃப்மாரின் உலகச் சாம்பியன் பட்டத்தை 2010இல் மார்க் ரைன்ஹார்டும் 2012இல் ஜில்லஸ் கிரோஸ்காம்பும் தமியா காரில் வென்றார்கள். 2014இல் நவோட்டோ மட்சுகுராவும் 2016இல் ரொனால்ட் ஃபோல்கரும் யோகோமோவில். 2018இல் புரூனோ கோயெல்யோ எக்ஸ்ரேயில். பட்டம் நிறுவனம் மாறிப் போனாலும், அந்தந்த ஆண்டின் முன்னணி ஓட்டுநர்களிடம்தான் போனது.

புதியவரைக் குழப்புவது சேஸிஸ் அன்று. எல்லாத் திருகாணிகளையும் ஒரே நாளில் தொட்டுப்பார்க்கும் ஆசைதான். கையேட்டில் உள்ள அமைப்பில் காரைக் கட்டி, தரையிலிருந்து சேஸிஸின் உயரத்தை 5 மில்லிமீட்டரை ஒட்டி வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் எளிய, மலிவான கார் வேண்டும் என்பவர்களுக்கு வழியே இல்லையா?

இருக்கிறது, தனி வகுப்பாக. தமியாவின் டிடி-02 பிளாஸ்டிக் தொட்டி சேஸிஸ் கொண்ட, தண்டு மூலம் நான்கு சக்கரங்களையும் இயக்கும் கார்; உயர்தர கிட்டின் விலையில் சிறு பகுதிதான் ஆகும். தமியா நடத்தும் ஒரே நிறுவனப் போட்டிகளில், எந்தப் பாகத்தை மாற்றலாம் என்று பட்டியலே உண்டு. நாடுகளில் வென்றவர்கள் ஜப்பானின் ஷிசுவோகாவில் உள்ள தலைமையகத்தில் ஒன்றுகூடி ஓட்டுவார்கள். உங்கள் மன்றம் அந்தப் பட்டியலைக் கைவிட்டு, 'எந்த மேம்பாட்டுப் பாகமும் போடலாம்' என்று தளர்த்தினால், அலுமினியமும் கார்பனும் ஏறி, இறுதியில் நடுத்தர கிட் ஒன்றின் விலைக்கே அந்தக் கார் வந்து நிற்கும்.

கேள்வி: எங்கள் மன்றத்தில் முப்பது கார்கள் வருகின்றன, ஏழு வகுப்புகள் நடத்துகிறோம். சரியா?

இல்லை. மூன்று போதும். நான்கு கார்களோடு ஓடும் இறுதிப் போட்டியில் யாருக்கும் நிறைவு இருக்காது. எட்டு, பத்து கார்கள் இருந்தால்தான் நடுவரிசை ஓட்டுநருக்கும் மோதிப்பார்க்க ஒருவர் கிடைப்பார்.

கேள்வி: விதியை மீறுபவரை எப்படிக் கண்டுபிடிப்பது? மோட்டாரை ஆய்வகத்துக்கா அனுப்ப முடியும்?

சோதனை மேசையைச் சற்று நேரம் பாருங்கள். ஓட்டத்துக்கு முன் பேட்டரியில் மீட்டர் வைக்கப்படுகிறது, 8.40 வோல்ட்டைத் தாண்டினால் அந்தக் கார் தடத்துக்குப் போகாது. லிப்போவை அதற்கு மேல் ஏற்றுவது வேகத்துக்கான திருட்டு மட்டுமன்று, தீப்பிடிக்கும் அபாயமும் ஆகும். ஓட்டம் முடிந்ததும் கார் தராசில் ஏறும், அகலம் அளக்கப்படும், டயரில் உள்ள குறி பார்க்கப்படும், இ.எஸ்.சி. விளக்கு மின்னுகிறதா என்று நடுவர் குனிந்து பார்ப்பார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடியும். மேசையில் ஒரு நிமிடத்துக்குள் சோதிக்க முடியாத விதியை ஒரு சிறு மன்றம் எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து; சோதிக்க முடியாத விதி நேர்மையானவரை மட்டுமே கட்டுப்படுத்தும், சந்தேகத்தை எல்லோருக்கும் பரப்பும்.

கேள்வி: முதல் காராகப் பழைய காரை வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். இரண்டு தலைமுறை பழைய உயர்தர சேஸிஸ், மன்ற அளவில் இன்றும் நன்றாகவே ஓடும். ஆனால் வாங்குவதற்கு முன் உங்கள் தடத்துக்குப் போய், எந்த வகுப்பில் அதிகம் பேர் ஓட்டுகிறார்கள், எந்த நிறுவனத்தின் சஸ்பென்ஷன் கை, சக்கரத்தைத் தாங்கும் ஹப், தண்டு ஆகியவை அங்கேயே கிடைக்கின்றன என்று பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காரின் முன்பக்கக் கை உடைந்தால், பக்கத்து மேசைக்காரரிடம் அதே பாகம் இருக்க வேண்டும். பேட்டரியை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். உப்பிய லிப்போவை எந்த விலைக்கும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.