அலுமாரிக்குள் இருக்கும் படம் – கடிதம்

வணக்கம் ஐயா,

களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். கட்டாரில் வேலை செய்த என் தம்பி போன வருடம் அங்கேயே இறந்துவிட்டார். பெட்டி வந்த அன்றே எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு அம்மா யாரோடும் கதைப்பதில்லை. நினைவு வரக்கூடாதென்று தம்பியின் படத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டோம். அவர் பெயரை வீட்டில் எடுப்பதில்லை. என் ஐந்து வயது மகளுக்கு, மாமா கட்டாரில்தான் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறோம். அம்மாவுக்கு ஏழரைச் சனி என்கிறார் சாத்திரியார். வீடு மாறினால் சரிவருமா? கொழும்பில் நல்ல டாக்டர் இருக்கிறாரா? அம்மாவை எப்படிப் பழையபடி ஆக்குவது?

– ச.

அன்புள்ள ச.,

சாத்திரியாரை விடுங்கள். வீடு மாறும் யோசனையையும் விடுங்கள். அது அம்மாவின் சீதன வீடு என்றால் அவர் அசையவும் மாட்டார். அம்மா நித்திரையில்லாமல், சாப்பிடாமல் கிடந்தாலோ, உயிரை வெறுத்துக் கதைத்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அதற்குக் கொழும்பு தேவையில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலேயே உளநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்குப் போன் செய்தும் கதைக்கலாம்.

எனக்குக் கோபம் வந்தது அந்த அலுமாரியில்தான். இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், தம்பியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அவருக்கு என்ன பிடிக்கும், எதற்குச் சண்டை பிடிப்பார், ஒன்றும் இல்லை. அம்மா கதைப்பதில்லை என்கிறீர்கள். யாரிடம் கதைப்பார், எதைக் கதைப்பார்? கதைக்க இருந்த ஒரே விஷயத்தை நீங்கள் பூட்டி வைத்துவிட்டீர்களே!

இந்த வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்குப் போய் வந்ததில் இருந்து நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். நம் பக்கத்தில் பல கோயில்கள் வருடத்தில் அந்தச் சில நாட்களுக்குத்தான் கதவு திறக்கின்றன. கண்ணகியின் கதையைச் சொல்லும் வழக்குரை என்ற பாட்டு நூலைப் படிக்கிறார்கள். புருசனைப் பறிகொடுத்த ஒருத்தியின் கதை. கலியாணக் காதை, கொலைக்களக் காதை என்று ஒன்றையும் மறைக்காமல் ஊர் முழுக்க இருந்து கேட்கிறது. ‘போதும் தாயே, மறந்துவிடு’ என்று யாரும் அவளிடம் சொல்வதில்லை. அவளுடைய வழக்கு முழுக்கச் சொல்லி முடிந்த பிறகுதான் அவள் கோபத்தைத் தணிக்கும் குளிர்த்தி. நீங்களோ முதல் நாளே குளிர்த்தி பாடப் பார்க்கிறீர்கள்.

என் பெரியம்மாவின் மூத்த மகன் 1990இல் காணாமல் போனார். வந்தாறுமூலை அகதி முகாமில் இருந்து ஒரே நாளில் 158 பேரைக் கொண்டுபோன வருடம் அது. உடல் இல்லை, ஆகவே முப்பத்தோராம் நாள் கிரியையும் இல்லை. ‘வருவான்’ என்று சொல்லிச் சொல்லியே சொந்தக்காரர் பெரியம்மாவின் வாயை அடைத்தார்கள். ஆனால் வைகாசி வந்தால் கோயிலில் கொலைக்களக் காதை படிக்கும்போது பெரியம்மா தலையில் அடித்து அழுவார். பக்கத்தில் இருந்த பெண்கள் தடுக்க மாட்டார்கள், கொஞ்சம் தள்ளியிருந்து இடம் விடுவார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணனைப் பற்றியே கதை. ‘மனே, அவன் கள்ளன், தயிர்ச் சட்டியை வழித்துத் திண்டுபோட்டுப் பூனையில பழி போடுவான்’ என்று சொல்லிச் சிரிப்பார். சுகமாகிவிட்டார் என்று சொல்லமாட்டேன். கோழி வளர்த்தார், பெண் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தார், வேலிக்குச் சண்டை போட்டார். அடுத்த வைகாசியிலும் அழுதார்.

2004இல் கடல் வந்த பிறகு படிவத்தோடு வந்து துக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர். நான் அந்தக் கேட்பைச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மாமி ஒரு தேத்தண்ணியோடு அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும், ‘அவன் சின்னதில் எப்படி?’ என்று கேட்க வேண்டும். அம்மா அழுதால் நீங்கள் ஓடிப்போய்த் தடுக்கக் கூடாது.

பிள்ளைக்கு விளங்காது என்று சொல்லாதீர்கள். 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரைக் கண்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் வரைந்தும், களிமண் பிசைந்தும், கதை சொல்லியும் தங்கள் பயத்தை வெளியே கொண்டுவந்தார்கள். உங்கள் மகளுக்கும் ஏதோ தெரிந்துதான் இருக்கும். வீட்டில் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்பதுதான் அவள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் பாடம். கட்டாரில் இருக்கும் மாமா ஏன் ஒருநாளும் போன் எடுப்பதில்லை என்று அவள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

படத்தை எடுத்து வெளியே மாட்டுங்கள். அடுத்த சடங்குக்கு அம்மாவைக் கூட்டிப்போங்கள், அதற்கு இன்னும் ஒரு வருடம் கிடக்கிறது. மகளுக்கு இந்தக் கிழமையே சொல்லுங்கள். எப்படிச் சொல்வதென்று கேட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.