பெருக்கணுமா, வகுக்கணுமா?

கேள்வி: சார், சரிவில் நிற்கும் பெட்டிக்குத் தரை கொடுக்கும் எதிர்விசை வேண்டுமென்றால் எடையைச் சாய்வுக் கோணத்தின் கோசைனால் பெருக்கச் சொல்கிறார்கள். சாய்த்துப் போட்ட வளைவில் திரும்பும் காருக்கு மட்டும் அதே எடையைக் கோசைனால் வகுத்திருக்கிறார்கள். இரண்டும் சாய்வுதானே? எது சரி?
– படிவம் 6 மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: இரண்டும் சரி, மகளே. 28 வருஷம் இயற்பியல் நடத்தினேன். இந்த இடத்தில் தடுமாறாத வகுப்பே இல்லை. சூத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஒட்டுக்கடைக்குப் போ. ஒரு தே தாரிக் 'புங்குஸ்' (பையில் கட்டித் தரும் தேநீர்ப் பொட்டலம்) வாங்கி, பையின் வாயைக் கட்டிய கயிற்றைக் காரின் கொக்கியில் மாட்டு. அப்பா ஓட்டட்டும், நீ பின்சீட்டிலிருந்து பார்.

நேர்ச்சாலையில் ஒரே சீராகப் போகும்போது கயிறு நேராகத் தொங்கும். அதன் இழுவையும் தேயின் எடையும் சமம். கார் வளைந்ததும் பொட்டலம் வெளிப்பக்கமாக ஒதுங்கி, கயிறு சாய்ந்துவிடும். ஆனாலும் பொட்டலம் மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. அப்படியென்றால் சாய்வான இழுவையின் மேல்நோக்கிய கூறு மட்டுமே முழு எடையையும் தாங்க வேண்டும். ஒரு கூறே எடைக்குச் சமம் என்றால், மொத்த இழுவை எடையைவிடப் பெரிதாகத்தானே இருக்கும்? கோசைன் ஒன்றைவிடச் சிறியது, அதனால்தான் வகுக்கிறோம். மிச்சமிருக்கும் கிடைக்கூறு பொட்டலத்தை வளைவின் மையத்தை நோக்கி இழுத்துக் காரோடு திருப்புகிறது.

கயிறு இருந்த இடத்தில் இப்போது சாலையை வை. சாலையின் எதிர்விசை அதே மாதிரி சாய்ந்து நிற்கிறது. மேல்நோக்கிய கூறு காரைத் தாங்குகிறது, கிடைக்கூறு திருப்புகிறது. அந்தக் கிடைக்கூறுதான் மையநோக்கு விசை. படத்தில் அதற்கென்று தனியாக ஓர் அம்புக்குறி போட்டால் கணக்கு கெட்டுவிடும்.

சரி, பெட்டி? அது சறுக்காமல் நிற்பதற்குக் காரணம் உராய்வு. எடையில் ஒரு பங்கை உராய்வு சுமப்பதால் எதிர்விசைக்கு வேலை குறைவு, அங்கே பெருக்கல். வளைவுக் கணக்கிலோ உராய்வே வேண்டாம் என்று வைத்துக்கொள்கிறோம். முழுச் சுமையும் எதிர்விசையின் தலையில். பரீட்சையில் முதலில் முடுக்கம் எந்தத் திசையில் என்று பார். காருக்கு அது கிடையாக, மையம் நோக்கி இருக்கிறது. மேல்-கீழ் திசையில் முடுக்கம் இல்லை, அங்கேதான் சமன்பாடு எழுத வேண்டும்.

எண்களோடு பார்ப்போம். வளைவின் ஆரம் 200 மீட்டர், வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 13.9 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தாலும் 9.8-ஆலும் வகுத்தால் கோணத்தின் டேன் 0.098 வரும், கோணம் சுமார் 5.6 பாகை. அகலத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் சாலை ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் உயர வேண்டும். அந்த வளைவில் சரியாக 50-இல் போனால் பொட்டலம் எந்தப் பக்கமும் ஒதுங்காமல் காரின் தரையைப் பார்த்தே தொங்கும். 80-இல் போனால் வெளியே ஒதுங்கும். தேவைப்படும் மையநோக்கு விசை இரண்டரை மடங்குக்கும் மேல் ஆகிவிடுவதால், குறையும் பங்கைச் சரிவில் கீழ்நோக்கிச் செயல்படும் உராய்வு கொடுக்க வேண்டும். மழையில் நனைந்த சாலையில் அந்த உராய்வை நம்ப முடியாது. 30-இல் ஊர்ந்தால் பொட்டலம் உள்பக்கம் வரும், உராய்வும் திசை மாறிச் சரிவில் மேல்நோக்கிச் செயல்படும்.

இந்தக் கணக்கில் எடை எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனித்தாயா? மைவி போன்ற சின்னக் காருக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்கும் அதே 5.6 பாகைதான். ஆனால் லோரிக்கு இன்னொரு ஆபத்து உண்டு. பாரம் உயரத்தில் இருப்பதால் சறுக்குவதற்கு முன்பே கவிழ்ந்துவிடலாம். நான் பிறந்த தோட்டத்தில் செம்மண் சாலை, வளைவிலும் தட்டைதான். ஒரு நாள் லோரி ஒன்று அங்கே பக்கவாட்டில் படுத்துக்கிடந்தது. வெளிப்பக்கச் சக்கரங்கள் மண்ணில் புதைந்திருந்தன, உள்பக்கச் சக்கரங்கள் அந்தரத்தில். குலைகள் எல்லாம் வெளிப்பக்கக் கால்வாயில். லயத்துப் பிள்ளைகள் நாங்கள், முள் குத்தக் குத்த, இருட்டும் வரை பொறுக்கினோம்.