அழகரோடு நடக்க என்ன உடுத்துவது?

போன சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரோடு அழகர்கோவிலில் இருந்து மதுரைத் தல்லாகுளம் வரை ஜீன்ஸ், பாலியஸ்டர் டி-ஷர்ட்டோடு நடந்து தொடையெல்லாம் புண்ணாகிவிட்டது, இந்த வருஷம் எதைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி.

முதலில் ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வியர்வையில் ஊறிக் கனத்துவிட்டால் உள்தையல் ஒவ்வொரு அடிக்கும் தொடையை அறுக்கும். வேட்டிக்குள் காற்று புகும், நல்லதுதான். ஆனால் தொடையோடு தொடை உரசுவதை அது தடுக்காது. உள்ளே முழங்காலுக்குச் சற்று மேல் வரை, உடம்போடு ஒட்டிய டிரவுசர் போடுங்கள். கிளம்பும்போது உரசும் இடத்தில் வாசலின் தடவி, பாதி வழியில் இன்னொரு தடவை தடவுங்கள். டப்பா மடியிலேயே இருக்கட்டும்.

மேலே துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய பருத்திச் சட்டை போதும். லூசாக, முழுக்கையாக, கஞ்சி போடாமல். புதுச்சட்டையை அழகர் வைகை ஆற்றில் இறங்கும் அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு நனைத்த துண்டு.

நேர்த்திக்கடன் இல்லையென்றால் செருப்பு கட்டாயம். வெறுங்கால்தான் என்றால் இரவிலும் விடியலிலும் நடங்கள். உச்சிவெயிலில் தார் ரோடு பாதத்தைக் கொப்பளிக்க வைத்துவிடும். அழகரே வழியில் மண்டகப்படிக்கு மண்டகப்படி (சாமியை நிறுத்தி வழிபடும் இடம்) நின்றுதான் வருகிறார், உங்களுக்கு என்ன அவசரம்?

கூட வருபவருக்குப் பேச்சு குழறினாலோ மயங்கினாலோ நிழலில் படுக்கவைத்து, துணியைத் தளர்த்தி, உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-க்கு போன் போடுங்கள்.