செக்கப் நாள் வந்தாலே நெஞ்சு படபடக்கிறது

கேள்வி: எனக்கு இது 26-வது வாரம். முதல் குழந்தை 34-வது வாரத்தில் வயிற்றிலேயே துடிப்பு நின்று இறந்துபோனது. இப்போது செக்கப் நாள் வந்தாலே படபடப்பு, உள்ளங்கையில் வியர்வை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 98. ‘பழசையே நினைச்சுப் பயந்தா பிள்ளைக்கு ஆகாது’ என்கிறார் மாமியார். என் பயம் குழந்தையைப் பாதிக்குமா?
- பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: அன்புத் தங்கைக்கு,

செக்கப் நாளில் வந்து போகும் படபடப்பு குழந்தையைக் கெடுக்காது. முதல் குழந்தை போனதற்கும் உங்கள் நினைப்பு காரணமில்லை.

கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடும். அதனால் இதயம் நிமிடத்துக்கு 10 முதல் 20 முறை அதிகமாகத் துடிக்கும். இதயத்தையும் வியர்வையையும் நம்மைக் கேட்காமலே நடத்தும் தன்னியக்க நரம்பு மண்டலம் இந்த மாதங்களில் ஏற்கெனவே முடுக்கத்தில் இருக்கும். அதன் மேல் உங்கள் இழப்பு. வயிற்றில் ஸ்கேனுக்குத் தடவும் ஜெல்லின் குளிர்ச்சி பட்டாலே போதும், மனம் நினைக்கும் முன்பே உடம்பு பதறிவிடும். மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் ‘நினைக்காதே’ என்றால் இது அடங்காது.

அதற்காக எல்லாமே பயம்தான் என்று விட்டுவிடவும் வேண்டாம். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தாலும், தைராய்டு கோளாறு இருந்தாலும் இதே படபடப்பு வரும், இரண்டையும் பார்த்துவிடுங்கள். ஓய்வில் நாடி 120-ஐத் தாண்டியே நின்றாலோ, நெஞ்சுவலி, மயக்கம், படுத்தால் மூச்சுத்திணறல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஸ்கேன் அறையில் பலருக்குத் தாங்க முடியாதது, டாக்டர் திரையையே பார்த்தபடி பேசாமல் இருக்கும் அந்தச் சில நொடிகள்தான். படுக்கும் முன்பே சொல்லுங்கள்: “போன குழந்தை இறந்துபோச்சு டாக்டர், துடிப்பு இருக்குன்னு முதல்ல சொல்லிடுங்க, அப்புறம் அளவெடுங்க.” தயங்காமல் கேளுங்கள், இது உங்கள் உரிமை. காத்திருக்கும்போது 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விடுங்கள், அடக்க வேண்டாம். மூச்சை நிதானமாக விடும்போது வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கும்.

34-வது வாரம் நெருங்க நெருங்கப் பயம் கூடலாம். அந்த வாரத்துக்குக் கூடுதலாக ஒரு செக்கப் வேண்டும் என்று இப்போதே கேட்டு வையுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டால் 14416-க்குப் பேசுங்கள். அது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அசைவு குறைந்ததாகத் தோன்றினால் மட்டும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். வீட்டுக் கருவியில் துடிப்பு கேட்டாலும் நம்பி இருந்துவிடாமல், நடுராத்திரி ஆனாலும் கிளம்புங்கள். ‘சும்மா பயந்து வந்துட்டேன்’ என்று யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.