நான்கு வயதுக் குழந்தைக்கு உடற்கல்வி வகுப்பு எதற்கு, எழுதப் பழக்கினால் போதாதா?

முப்பத்தோரு வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். "இன்றைக்கு உங்கள் பீரியடைக் கொடுங்கள் சார்" என்று கணக்கு ஆசிரியர் வந்து நிற்காத வாரம் கிடையாது. எனவே கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குழந்தையின் டயரியிலும் "மெதுவாக எழுதுகிறான்" என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். என் பேத்திக்கும் அதுதான் வந்தது. பென்சிலை உலக்கை மாதிரி பிடித்து, தாள் கிழியும்வரை அழுத்துவாள். மருமகள் இன்னும் இரண்டு நோட்டு வாங்கினாள். மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள். நான்கு வயதில் அவற்றில் பல இன்னும் குருத்தெலும்புதான். தோளும் முதுகும் உறுதிப்படாமல் விரல் மட்டும் எப்படி அடங்கும்?

குறுவை நெல் நடவு நேரம். சனி, ஞாயிறுகளில் அவளை மன்னார்குடிப் பக்கம் எங்கள் வயலுக்கு அழைத்துவந்தேன். புதிதாகச் சேறு பூசிய வரப்பு வழுக்கும். முதல் நாள் நாலடி வைப்பதற்குள் வயலில் விழுந்தாள். அடுத்த வாரம் செருப்பைத் தானே உதறிவிட்டு, கால்விரல்களைச் சேற்றில் ஊன்றி, கைகளை விரித்து நடந்தாள். பிறகு ஒரு நாற்றுமுடியை, அதாவது நடவுக்குப் பறித்துக் கட்டிய நாற்றுக்கட்டை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கவுனில் தண்ணீர் சொட்டச் சொட்ட வரப்பின் கோடிவரை போனாள். (குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் வரவேண்டாம், ஒரே ஒரு முடி, அவளாகக் கேட்டு வாங்கியது. பாம்புக்காகக் கம்போடு முன்னால் நடந்தது நான்.)

கையெழுத்து முத்து முத்தாக வந்துவிட்டது என்று கதைவிட மாட்டேன். தாள் கிழிவது நின்றது, அவ்வளவுதான்.

மூன்று, நான்கு வயதுக்கு நாளொன்றுக்கு 180 நிமிட உடலசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. பேத்தியின் பள்ளியில் வாரத்துக்கு ஒரு பீரியட். அதிலும் வரிசையில் நின்று கையைத் தூக்கி இறக்குவதுதான்.

ஊரிலாவது ஓடலாம் என்றால், திடல் முழுக்க நெல் மூட்டை. நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் அரசுக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். ஐப்பசி மழையில் நெல்லை எங்கே காயவைப்பது? போன வருடம் என் மூட்டைகள் ஒன்பது நாள் தார்ப்பாயின் கீழ் கிடந்து முளைவிட்டன. பேத்தி அவற்றின் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். நான் தடுக்கவில்லை.