சென்னையை விட்டுத் திருச்சிக்குப் போனால் மாதம் எவ்வளவு மிஞ்சும்?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 39. ஐ.டி. வேலை, கையில் வரும் சம்பளம் 1,15,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளியில் பிளஸ் டூ கணக்கு ஆசிரியை, சம்பளம் 32,000. மூத்தவள் 8-ஆம் வகுப்பு, சின்னவன் 5-ஆம் வகுப்பு, இருவரும் சி.பி.எஸ்.இ. சென்னை மேடவாக்கத்தில் வாடகை, மெயின்டனன்ஸ் சேர்த்து 29,000 போகிறது. ஸ்கூல் 16,000, மளிகை, பால், காய்கறி 18,000, பெட்ரோல், கேப் 7,000, லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் 2,000, வார இறுதி வெளிச்செலவு 9,000, திருச்சி போய்வர 5,000, இதர செலவு 12,000, உறையூரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு 8,000. மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 25,000 எஸ்.ஐ.பி. (மாதத் தவணை முதலீடு) போடுகிறோம். எஃப்.டி.யில் 14 லட்சம், மியூச்சுவல் ஃபண்டில் 8 லட்சம் இருக்கிறது.

மாதம் இரண்டு முறை ஆபீஸ் வந்தால் போதும், மற்ற நாள் எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். திருச்சிக்கே போய்விடலாம் என்று நினைக்கிறோம். வாடகையில் 14,000, ஸ்கூலில் 6,000, மளிகையில் 5,000, வெளிச்செலவில் 5,000, ஊருக்குப் போகும் செலவு 5,000, ஆக மாதம் 35,000 மிஞ்சும். அங்கே கே.கே. நகரில் 78 லட்சத்துக்கு ஒரு தனி வீடு வந்திருக்கிறது. 60 லட்சம் கடன் வாங்கினால் இ.எம்.ஐ. சுமார் 50,000. மிஞ்சும் 35,000, அங்கே கொடுக்க வேண்டிய வாடகை 15,000, இரண்டையும் சேர்த்தால் இ.எம்.ஐ. சரியாகிவிடுகிறது. முன்பணத்துக்குச் சேமிப்பை எடுத்துவிட்டு, குறைவதற்கு மனைவியின் நகையை வைக்கலாம் என்று இருக்கிறோம். செய்யலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மேடவாக்கம்)

பதில்: திருச்சிக்குப் போங்கள். வீட்டை இப்போது வாங்காதீர்கள். இரண்டும் ஒரே முடிவு என்று நினைத்துக் கணக்குப் போட்டிருப்பதுதான் சிக்கல்.

முதலில் அந்த 35,000. வாடகையில் 14,000 குறையும் என்பது சரிதான். தில்லைநகரிலேயே வேண்டும் என்று அடம்பிடிக்காமல் புத்தூர், கே.கே. நகர், திருவானைக்காவல் பக்கம் தேடினால் உங்கள் 15,000-க்கு ஓரளவு விசாலமான வீடே கிடைக்கும். வாடகையைத் தாண்டியதும் நடுத்தர ஊரின் மலிவு வேகமாகக் குறைய ஆரம்பிக்கும். பொன்னி அரிசி, எண்ணெய், கேஸ், மருந்து எல்லாம் எங்கே வாங்கினாலும் ஏறக்குறைய ஒரே விலைதான். காந்தி மார்க்கெட்டில் காலையில் போய் வாங்கினால் காய்கறி மலிவு, உண்மை. ஆனால் கே.கே. நகரில் குடியிருப்பவர் எத்தனை நாள் காலை காந்தி மார்க்கெட் நெரிசலுக்குள் வண்டியை விடுவார்? இரண்டாவது மாதமே தெருமுனைக் கடைக்கு வந்துவிடுவீர்கள். அதனால் மளிகையில் 5,000 இல்லை, 1,000 என்று வையுங்கள். ஸ்கூலில் 4,000, வெளிச்செலவில் 2,000. நல்ல சி.பி.எஸ்.இ. பள்ளிகள் அங்கேயும் இனாமாகச் சேர்த்துக்கொள்வதில்லை.

நீங்கள் விட்ட இடமும் உண்டு. மாநகராட்சிக் காவிரித் தண்ணீர் ஒழுங்காக வரும் தெருவில் வீடு பிடித்தால் தண்ணீர்ச் செலவில் 1,500 மிச்சம். வீட்டுக்காரர் சொல்வதை நம்பாமல் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். பெட்ரோலில் 2,000 குறையலாம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் கிடையாது. சேருகிற பள்ளி அந்த டவுன் பஸ் ரூட்டில் இருந்தால் உங்கள் மனைவிக்கு இரண்டாவது வண்டியே தேவைப்படாது.

ஊருக்குப் போகும் 5,000 மட்டும் மிஞ்சாது. இதுவரை சென்னையிலிருந்து திருச்சிக்கு டிக்கெட் போட்டீர்கள், இனி திருச்சியிலிருந்து சென்னைக்குப் போடுவீர்கள். 2023 செப்டம்பரில் வந்த திருநெல்வேலி வந்தே பாரத்தில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின் எழும்பூர். ராத்திரிக்கு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஆனால் ஆபீஸ் மீட்டிங் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவதில்லை. தட்கல் கிடைக்காத அன்று ஆம்னி பஸ், தங்க ஒரு அறை என்று போனால் 5,000 கரைந்துவிடும்.

அப்புறம், யாரும் கணக்கில் எழுதாத ஒன்று: மொய். சென்னையில் இருக்கிறவரை “லீவு கிடைக்கவில்லை” என்று ஜி.பே.யில் 501 அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பீர்கள். உறையூருக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு அது நடக்காது. காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, அறுபதாம் கல்யாணம், கருமாதி என்று எல்லாவற்றுக்கும் குடும்பத்தோடு நேரில் நிற்க வேண்டும். தாய்மாமன் முறை வந்தால் மொய்யோடு முடியாது, சீர் வரிசைத் தட்டு, ஒரு கிராமாவது தங்கம். பட்டுப்புடவையைக் கட்டினதையே கட்ட முடியாது என்று வீட்டில் ஒரு நியாயமும் பிறக்கும். ஸ்ரீரங்கத்தில் வீடு பார்க்கிற எண்ணம் இருந்தால் வைகுண்ட ஏகாதசிக்கு எத்தனை பேர் “ஒரே ஒரு ராத்திரி” தங்க வருவார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். சராசரியாக மாதம் 5,000 என்று தனியாக எழுதி, அதற்கென்று ஒரு சேமிப்புக் கணக்கே வைத்துவிடுங்கள். கார்த்திகையில் இரண்டு பத்திரிகை வரும், தை, வைகாசியில் பத்து வரும். மாதாமாதம் போட்டு வைக்காவிட்டால் அந்த மாதங்களில் கிரெடிட் கார்டில் கை வைப்பீர்கள்.

கூட்டிப் பார்த்தால் செலவில் 24,500 குறைந்து, 5,000 ஏறுகிறது. நிகர மிச்சம் 19,500. இப்போது 1,06,000 ஆகும் வீட்டுச் செலவு 86,500-க்கு வரும்.

இது செலவுப் பக்கம். வரவுப் பக்கத்தை நீங்கள் எழுதவே இல்லை. மனைவியின் 32,000 சம்பளம் திருச்சியில் அப்படியே கிடைக்கும் என்று எதை வைத்து நினைத்தீர்கள்? தனியார் பள்ளிகளில் புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு, அனுபவம் இருந்தாலும், 20,000 என்று பேச்சைத் தொடங்குவார்கள். அந்த 12,000-ஐக் கழித்தால் கையில் நிற்கும் லாபம் மாதம் 7,500. “வெளியூரில் இருந்து வேலை பார்த்தால் சம்பளம் மாறும்” என்று உங்கள் கம்பெனி 10 சதவீதம் குறைத்துவிட்டால் அதுவும் போய் 4,000 கைநஷ்டம்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மிஞ்சுகிற பணத்தை நம்பிப் போகிற ஊர் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். திருச்சியில் மிஞ்சுவது நேரம். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் அரை மணிக்குள் போய்விடலாம், பால்பண்ணை சிக்னலில் மாட்டிக்கொள்கிற நாட்களைத் தவிர. அம்மாவுக்குத் தலைசுற்றல் என்று போன் வந்தால் பத்து நிமிடத்தில் உறையூரில் நிற்பீர்கள். அதற்காகப் போகிறோம் என்றால் மாதம் 4,000 நஷ்டமானாலும் நான் சரி என்றே சொல்வேன்.

அந்த நேரத்தைப் பணமாக்கவும் வழி இருக்கிறது. பிளஸ் டூ கணக்குக்கு டியூஷன் கேட்டு வராத பெற்றோர் திருச்சியில் கிடையாது. ஆனால் சேருகிற பள்ளியில் தனி டியூஷன் எடுக்கத் தடை இருக்கிறதா என்று வேலைக்கான ஆணையைப் படித்துப் பாருங்கள். முதல் வருடம் அந்த வருமானத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இப்போது வீடு. 78 லட்சத்தில் 60 கடன் போக 18 லட்சம் கையிலிருந்து வேண்டும். தனி வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், சுமார் 7 லட்சம். மொத்தம் 25 லட்சம். உங்களிடம் இருப்பது 22. அதாவது எஃப்.டி., ஃபண்ட் இரண்டையும் துடைத்து எடுத்து, மீதி 3 லட்சத்துக்கு நகைக்கடன். குடி போகிற அன்று உங்கள் கையில் ஒரு ரூபாய் இருக்காது, நகையும் இருக்காது.

இதற்குப் பிறகு மாதம் என்ன ஆகும்? 8 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு இ.எம்.ஐ. 50,200. வாடகை நீங்கலான செலவு 71,500. வரவு 1,35,000-ல் மிஞ்சுவது 13,300. எஸ்.ஐ.பி. கிட்டத்தட்டப் பாதி நின்றுவிடும், நகைக்கடன் வட்டியும் அதில்தான் போக வேண்டும். அதே வீட்டுக்கு 16,000 வாடகை வரும் என்று வைத்தாலும் வருடத்துக்கு 1,92,000. விலையில் இரண்டரை சதவீதம்கூட இல்லை. எட்டு சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி, இரண்டரை சதவீத வாடகையை மிச்சம் பிடிக்கிறீர்கள். புதிய வரி முறையில் இருந்தால் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவும் இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் உங்கள் வேலை. பெல், துப்பாக்கித் தொழிற்சாலை, என்.ஐ.டி., ஐ.ஐ.எம். எல்லாம் உள்ள ஊர்தான், நவல்பட்டில் எல்காட் ஐ.டி. பார்க்கும் இருக்கிறது. ஆனால் 39 வயதில், 1,15,000 கையில் வாங்குகிற சாஃப்ட்வேர்காரருக்கு இந்த வேலை போனால் அதே ஊரில் இன்னொன்று உடனே கிடைக்காது. ஓ.எம்.ஆரில் அடுத்த கட்டிடத்துக்கு மாறுவது போல இங்கே மாற முடியாது. மறுபடி சென்னைக்கோ பெங்களூருக்கோ கிளம்ப வேண்டியிருக்கும். வாடகை வீடு என்றால் சொல்லிவிட்டுக் காலி செய்யலாம். கடன் வீடு என்றால் அங்கே ஒரு வாடகை, இங்கே ஒரு இ.எம்.ஐ. பெருநகரத்தில் ஆறு மாதச் செலவைக் கையிருப்பாக வைக்கச் சொல்வேன். உங்களுக்குப் பத்து மாதம். எஃப்.டி.யில் 9 லட்சத்தை அதற்கென்று தனியே பிரித்து, வேறு வங்கிக் கணக்கில் வையுங்கள். மீதி 5 லட்சமும் ஃபண்டும் பின்னாளில் வீட்டுக்கு. எஸ்.ஐ.பி. 25,000 அப்படியே ஓடட்டும், முடிந்தால் மிஞ்சும் 7,500-ஐயும் அதில் சேருங்கள். ஒரு முழுப் பள்ளி ஆண்டு வாடகை வீட்டில் இருந்து பார்த்துவிட்டு வீட்டைப் பேசலாம். கே.கே. நகர் வீட்டுக்காரர் வேறு ஆள் வந்துவிட்டது என்பார். வரட்டும்.

ஹெச்.ஆர்.ஏ. (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப் படி) வரிவிலக்கு பற்றிப் பலர் குழம்புவதால் ஒரு வரி. பழைய வரி முறையில் சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் வரை, திருச்சிக்கு 40 சதவீதம் வரை என்பது உச்ச வரம்பு மட்டுமே. 15,000 வாடகைக்கு அந்த வரம்பை நீங்கள் தொடவே மாட்டீர்கள். வாடகை குறைவதால்தான் விலக்கு குறையும். புதிய முறையில் இந்தப் பேச்சே இல்லை.

பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டு ஆவணத்தை எடுத்துப் பாருங்கள். சில திட்டங்களில் ஊரைப் பொறுத்து மண்டலம் பிரித்துப் பிரீமியம் வாங்குவார்கள். குறைந்த பிரீமிய மண்டலத்தில் இருந்துகொண்டு பெரிய ஆபரேஷனுக்குச் சென்னை போனால் பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்ட வேண்டியிருக்கும். அப்படி இருந்தால் கூடுதல் பிரீமியம் கட்டி மேல் மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

போவதென்றால் எப்போது என்பதை உங்கள் மகளின் வகுப்பு முடிவு செய்துவிட்டது. சி.பி.எஸ்.இ.யில் 9-ஆம் வகுப்பிலேயே வாரியத்தில் பெயர் பதிந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பள்ளி மாற்றுவது அலைச்சல். ஒன்று இந்த ஆண்டுத் தேர்வு முடிந்ததும் 9-ஆம் வகுப்புக்கே அங்கே சேர்த்துவிடுங்கள், இல்லை பத்தாவது முடியட்டும். இந்த ஆண்டே என்றால், மேனேஜர் வாயால் சொன்னது போதாது. எந்த ஊரிலிருந்து வேலை, சம்பளம் மாறுமா, திரும்பக் கூப்பிட்டால் எத்தனை நாள் அவகாசம் என்று மூன்றையும் ஹெச்.ஆரிடம் மெயிலில் கேட்டு பதில் வாங்குங்கள். அது வந்த பிறகு ஸ்கூல் ஃபீஸ் கட்டுங்கள், மேடவாக்கம் வீட்டுக்காரரிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள்.