உங்களிடம் இருப்பது பத்து மாதம்

தம்பி, கோயம்புத்தூரிலிருந்து சன்னிவேல் வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, பையனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம், இன்னும் ‘அம்மா’கூடச் சொல்லவில்லை, டாக்டர் இரண்டரை வயதுவரை பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அரசாங்க தெரபி வாங்கினால் எச்1பி விசாவுக்கு இடைஞ்சல் வருமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

விசா பயத்தை முதலில் தள்ளி வையுங்கள். குழந்தை கலிஃபோர்னியாவில் வசிக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். விசா நிலை தகுதியில் சேராது. இதற்கு அடிப்படையான கூட்டரசுச் சட்டமே கல்விச் சட்டம், பண உதவித் திட்டம் இல்லை. நான் எச்4-இல், அதாவது எச்1பி-காரர் குடும்பத்துக்கான விசாவில், இருந்தபோதுதான் என் பெண்ணுக்கு வாங்கினோம். பிறகு கிரீன் கார்டும் வந்தது, யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனது உறுத்தினால் கம்பெனி வக்கீலிடம் ஒரு வரி கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அந்தப் பதிலுக்காக, தெரபிக்குப் பதிவு செய்யும் போனைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஏனென்றால் வளர்ச்சி தாமதமாகும் சிறு குழந்தைகளுக்கு இந்த மாநிலம் தரும் ‘எர்லி ஸ்டார்ட்’ திட்டம் மூன்றாவது பிறந்தநாளோடு முடிந்துவிடும். உங்களிடம் இருப்பது பத்து மாதம். டாக்டர் சொன்னபடி காத்திருந்தால் நான்கு போய்விடும். பதிவு செய்த நாளிலிருந்து பரிசோதித்துத் திட்டம் போட அவர்களுக்கு 45 நாள் அவகாசம் உண்டு, அதையும் கழித்துப் பாருங்கள். டாக்டர் சீட்டு தேவையில்லை, பெற்றோரே கூப்பிடலாம். இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் ரீஜனல் சென்டர்கள் மாநிலத்தில் 21 இருக்கின்றன. சன்னிவேலுக்கு சான் ஆண்ட்ரியாஸ் ரீஜனல் சென்டர், அங்கேதான் கூப்பிட வேண்டும். டாக்டரிடம் காது கேட்கும் சோதனைக்கும் சொல்லிவிடுங்கள், பேச்சு தாமதத்தில் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

பரிசோதனை இலவசம். பேச்சு, நடை, அறிவு, பழகும் விதம், தானே சாப்பிடுவது போன்ற வேலைகள் என எல்லாம் பார்ப்பார்கள். ஏதாவது ஒன்றில் வயதுக்கு 25 சதவீதம் பின்தங்கியிருந்தாலே போதும், தகுதி உண்டு. அன்றைக்கு மட்டும் பிள்ளையின் பெருமை பேசாதீர்கள். எங்கள் வீட்டில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “அவ எல்லாம் சொல்லுவா, இன்னிக்குக் கூச்சம்” என்று ஒவ்வொரு கேள்விக்கும் முட்டுக்கொடுத்தார். பரிசோதிக்க வந்த அம்மா அதையும் எழுதிக்கொண்டார்! தமிழில்தான் பேசுவோம் என்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

ஸ்பீச் போன்றவற்றுக்கு முதலில் உங்கள் இன்ஷூரன்ஸைப் பயன்படுத்தச் சொல்வார்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் மறுத்தால் மறுப்புக் கடிதத்தை வாங்கி சென்டரிடம் கொடுங்கள். தெரபிஸ்டை அனுப்ப சென்டர் எங்களுக்கு ஒதுக்கிய ஏஜென்சியில் ஆளே இல்லை என்று மூன்று மாதம் இழுத்தார்கள். நானும் போனில் மட்டும் கெஞ்சிக்கொண்டிருந்தேன், முட்டாள்தனம். ஈமெயில் போட்ட பிறகுதான் வேறு ஏஜென்சி வந்தது. எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள்.

தெரபி பெரும்பாலும் வீட்டிலேயே நடக்கும். ஊசி, மருந்து எதுவும் கிடையாது. வந்தவர் தரையில் உட்கார்ந்து விளையாடுவதைப் பார்த்து, இதற்கா இவ்வளவு பாடு என்று எனக்கே தோன்றியது. ஒரு நாள் என் முறுக்கு டப்பாவை இறுக்கி மூடிப் பெண் கையில் கொடுத்தார். திறக்க முடியாமல் என்னிடம் ஓடி வந்தாள். நான் பாய்ந்து திறக்கப் போனேன், அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். “காத்திருங்கள், அவள் கேட்கட்டும்.” இரண்டு வாரம் அதே டப்பா. அப்புறம் ஒரு நாள் “தா” வந்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் அவர் வருகிறார், மீதி நேரமெல்லாம் நாம்தான். அவர் உண்மையில் பயிற்சி கொடுத்தது எனக்கு.

வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று யாராவது சொல்வார்கள். நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வராது.

மூன்று வயதானதும் பொறுப்பு, ஊர் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்குப் போகும். அதற்கான கூட்டம் பிறந்தநாளுக்கு 90 நாள் முன்பாகவாவது நடக்க வேண்டும், நடக்காவிட்டால் நீங்களே கேளுங்கள். அங்கே கணக்கு வேறு, பள்ளியில் படிக்க எது தேவையோ அதைத்தான் தருவார்கள். அதை அப்போது பேசிக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை காலை கூப்பிடுங்கள். பையனின் பிறந்த தேதியை முதலில் சொல்லுங்கள், எடுத்தவர் பெயரையும் நாளையும் குறித்து வையுங்கள். 45 நாள் அங்கிருந்துதான் ஆரம்பம்.